முன்னெச்சரிக்கையாகக் கைதான சமாதானம்

உங்களில் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். பெயர் வேண்டாம். துணை வட்டாட்சியராகச் சேர்ந்து, அலுவலக ஜீப்பின் எந்தக் கதவு திறக்காது என்றுகூட இன்னும் தெரியாதவர். "மேடம், எங்க ஏரியால ரெண்டு தெருவுக்குள்ள தகராறு. அமைதிப் பேச்சுவார்த்தை வைக்கச் சொல்றாங்க. இங்க ஒருத்தர் இருக்கார், முன்னாள் தீவிரவாதி. ஜனங்க அவர் பேச்சைக் கேக்கறாங்க. அவரைக் கூப்பிடலாமா, கூடாதா? விதியில ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

விதியில் நிறைய இருக்கிறது. ஷாமியானா போடுவதற்கு இருக்கிறது, டீ வாங்குவதற்கு இருக்கிறது, கூட்டம் கலவரமாக மாறினால் உடைந்த நாற்காலிக்கு யார் பொறுப்பு என்பதற்கும் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும் கிடையாது. போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை என்று வைத்துவிட்டேன். இப்போது எல்லாருக்குமாகச் சொல்கிறேன். பட்டா மாறுதலும் சாதிச் சான்றிதழும் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர மாட்டார்கள், ஏனென்றால் இதற்குப் படிவம் இல்லை.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில், தொழிற்பேட்டைப் பக்கம் தாசில்தாராக இருந்தேன். ஒரு பக்கம் ஆலைப் புகை, ஒரு பக்கம் நெல் வயல், நடுவில் கல்கத்தா நெடுஞ்சாலை. அங்கே நான் கூட்டிய அமைதிக் கூட்டங்களுக்குக் கணக்கில்லை.

அமைதிக் குழு என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் கல் பறந்த மறுநாள் வெள்ளை வேட்டியோடு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள்தான் அமைதிக் குழு. கல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சிலருக்குக் கல்லின் எடைகூடத் தெரியும். போண்டா சாப்பிடுவார்கள், "எல்லாரும் அண்ணன் தம்பிங்க" என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் தன் காரின் பின்கண்ணாடியில் 'அமைதிக் குழு உறுப்பினர்' என்று ஸ்டிக்கரே ஒட்டியிருந்தார். அந்தக் காரில்தான் ஒரு தகராறுக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள் என்று டி.எஸ்.பி. சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் ஏன் சார் பிடிக்கல?" என்றேன். "மேடம், அவர் குழு உறுப்பினராச்சே" என்றார்.

இப்படிப்பட்ட குழுவில் சாமுவேலுக்கு இடம் இல்லை. அவர் நிஜமாகவே ஒரு காலத்தில் கொளுத்தியவர்.

சாமுவேலுக்குப் புதுவாயல் கூட்டுரோட்டில் டூவீலர் பஞ்சர் கடை. அவர் அப்பா வயல் கூலி. கூடுதல் கூலி கேட்டதற்காக அவரை வரப்பிலேயே முட்டி போட வைத்தார் நிலக்காரர். அதைப் பார்த்த சாமுவேலுக்கு அப்போது இருபது வயது இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரக் காட்டில் இருந்த ஓர் ஆயுதக் குழுவோடு போய்ச் சேர்ந்தார். சில காலம் கழித்துத் தோழர்களோடு திரும்பி வந்து அந்த நிலக்காரரின் பம்புசெட் கொட்டகையைக் கொளுத்தினார். உள்ளே நிலக்காரரின் மகன் வரதன் படுத்திருந்தார். உயிர் பிழைத்துவிட்டார். இடது கை மட்டும் தோள் வரை வெந்துபோனது. சாமுவேல் பிடிபட்டு, இளமை முழுவதையும் சிறையில் கழித்துவிட்டு, நரைத்த தலையோடு வெளியே வந்தார்.

நமக்கெல்லாம் ஓய்வு வயது உண்டு. எனக்கும் சந்தன மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். போலீஸ் கணக்கில் தீவிரவாதிக்கு மட்டும் ஓய்வு கிடையாது. மந்திரி வந்தாலும், சுதந்திர தினம் வந்தாலும், வடக்கே எங்கோ தேர்தல் நடந்தாலும் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக ஒரு போலீஸ்காரர் பஞ்சர் கடை பெஞ்சில் வந்து உட்காருவார். சாமுவேல் அவருக்கு டீ சொல்லிவிட்டு, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை, "சார், நாளிக்கு எனக்கு வேல நெறிய கீது. இன்னிக்கே ஸ்டேஷன்ல வந்து குந்திக்கினா ஆவாதா?" என்று கேட்டாராம். முன்னெச்சரிக்கைக் கைதை முன்கூட்டியே செய்ய வழியில்லை என்று பதில் வந்ததாம்.

தகராறு இதுதான். சாமுவேல் பிறந்த காலனியில் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். அப்பன்மார் வயல் கூலி, பிள்ளைகள் ஆலைத் தொழிலாளிகள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் போகிற பழைய பாதையை ஓர் இரும்பாலை தன் புது மதில் சுவருக்குள் இழுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த ஒரே வழி வரதனின் வயல் வரப்பு. அவர் அதற்கு முள்வேலி போட்டார். "நடவு நட்ட கயினில சவம் தூக்கிக்கினு போனா மிதிபடாதா?" என்பது அவர் நியாயம். "பின்ன செத்தவன ஊட்லயே வெச்சிக்கறதா?" என்பது காலனியின் நியாயம். சுவர் என்ன நியாயம் சொல்லும்? அது சும்மா நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் வேலியைப் பற்றிப் பேசினார்கள். சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் சொந்தக்காரர்கள் கோயில் திருவிழாவுக்கும் மாதா திருவிழாவுக்கும் சமமாக நன்கொடை கொடுப்பவர்கள்.

வாய்ச்சண்டையாக இருந்தவரை நாங்களும் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் காலனியில் ஆரோக்கியம் என்பவர் மாரடைப்பில் இறந்தார். அவருடைய மகன் ஸ்டீபன் ஓர் ஆலையில் வெல்டர், வேகமான பையன். காலனி இளைஞர்கள் எல்லாம் அவன் பின்னால். "பாதை குட்த்தாதான் அடக்கம்" என்று, அப்பாவின் உடலை ஐஸ் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து புதுவாயல் கூட்டுரோட்டில், நெடுஞ்சாலை நடுவில் வைத்துவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் லாரி. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டிக்கு ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு ஒருவன் கேனில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். டி.எஸ்.பி. தடியைத் தொடையில் தட்டிக்கொண்டு நின்றார். மேலிடத்திலிருந்து எனக்குப் போன் மேல் போன். ஒரு பெரிய மனிதர் அந்த வழியாக வருகிறாராம், அதற்குள் சாலை காலியாக வேண்டுமாம். மேலிடத்துக்கு எப்போதும் சாலைதான் தெரியும். சாலையில் என்ன இருக்கிறது என்பது நம் வேலை.

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அமைதிக் கூட்டம் என்று அறிவித்தேன். குழு உறுப்பினர்கள் நான் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே இருந்தார்கள். வரதனும் வந்துவிட்டார், முழுக்கைச் சட்டையோடு. இரும்பாலையின் ஹெச்.ஆர். மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ்களோடு வந்திருந்தார். சாவு வீட்டுச் சமாதானத்துக்கு ஸ்வீட் கொண்டுவந்த மனிதரை நான் முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஸ்டீபன் மட்டும் வாசலிலேயே நின்றான். "சாமு தோழர் வந்தாதான் நாங்க உள்ள வருவோம்" என்றான்.

"கடையில இல்லையே, எங்க அவர்?" என்று டி.எஸ்.பி.யைக் கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஸ்டேஷன்ல இருக்கார் மேடம். காலையிலயே தூக்கிட்டோம். முன்னெச்சரிக்கையா. அமைதிக்குப் பங்கம் வரக்கூடாதுன்னு."

சமாதானம் பேசக்கூடிய ஒரே ஆளைச் சமாதானம் கெட்டுவிடும் என்று உள்ளே வைத்திருந்தார்கள். சிரிக்கக்கூடிய நேரமில்லை, அதனால் சிரிக்கவில்லை.

"வெளிய விடுங்க சார்."

"மேடம், அவன் யாருன்னு தெரியுமா? இந்த வரதன் கையக் கொளுத்துனவனே அவன்தான். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வெக்கச் சொல்றீங்களா? ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான்" என்றேன். உங்களுக்குச் சொல்கிறேன், இந்த வேலையில் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும்போது தைரியம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சொன்ன பிறகு அங்கேயே நின்றால் போதும்.

சாமுவேல் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கைரேகையில் எல்லாம் ரப்பர் கறுப்பு. என்னைப் பார்த்ததும், "வணக்கம் தாசில்தாரம்மா. நாஷ்டா வர்றதுக்குள்ள விட்ருக்கீங்க. ஸ்டேஷன்ல இன்னிக்குப் பொங்கல்" என்றார். பிறகு ஐஸ் பெட்டியருகே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஆரோக்கியமும் அவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்களாம். அது முடிந்த பிறகுதான் ஸ்டீபனையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

அவர் உள்ளே நுழைந்ததும் வரதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இவன் குந்துற எடத்துல நான் குந்த மாட்டேன்" என்று சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டினார். தோல் உருகி ஓடி நின்றுவிட்டது போல இருந்தது அந்தக் கை. "பாருங்கம்மா. இத்தக் கொளுத்துனவன் எனுக்கு சமாதானம் சொல்றதா?"

குழு உறுப்பினர்கள் உடனே, "விடு நைனா, எல்லாரும் அண்ணன் தம்பிங்க" என்று ஆரம்பித்தார்கள். மேனேஜர் எழுந்து, சமாதானம் என்பது இரண்டு தரப்புக்கும் லாபம் தரும் ஒரு வாய்ப்பு என்றும், தங்கள் நிறுவனம் ஏரிக்கரையில் ஓர் அமைதிப் பூங்கா அமைக்கத் தயார் என்றும் பேசினார்.

சாமுவேல் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இவங்க எல்லாம் கொஞ்சம் வெளிய இருந்தா பேசலாம். சண்ட எங்க மூணு பேருக்குத்தான். இவங்க வேடிக்க பாக்க வந்தவங்க."

நான் கையைக் காட்டினேன். வெள்ளை வேட்டிகள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறின. வேடிக்கை பார்ப்பவர்கள் இருக்கும்வரை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது போலவே ஆளைக் குறைப்பதும் ஒரு வேலை. இதை நினைவில் வையுங்கள்.

மண்டபத்தில் வரதன், சாமுவேல், ஸ்டீபன், நான். மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. வரதன்தான் முதலில் பேசினார். குரல் முன்பு போல் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. கோர்ட்ல கேட்டாங்க, உன் வக்கீலு ஏதோ சொன்னாரு. நீ சொல்லு. நான் உள்ள இருந்தது உனுக்குத் தெரியுமா?"

இத்தனை வருடமாக அந்த மனிதர் அந்தக் கேள்வியோடுதான் தூங்கி எழுந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. 'தெரியாது' என்று சாமுவேல் சொல்லிவிடுவார், அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். அரசு ஊழியர் புத்தி.

சாமுவேல் அவரை நேராகப் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்லிட்டா உனுக்கும் நல்லாருக்கும், எனுக்கும் நல்லாருக்கும். நெசம் அது இல்ல வரதா. உள்ள ஆளு கீதா இல்லியான்னு நான் பாக்கவே இல்ல. கதவு தொறந்துதான் இருந்திச்சி. ஒரு எட்டு எட்டிப் பாத்திருக்கலாம். பாத்தா கொளுத்த முடியாதுன்னு தெரியும். அதனாலதான் பாக்கல."

வரதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மன்னிப்புக் கேக்கறியா?"

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"தெரியும். உன் கை, உன் இஷ்டம். அத நான் கேக்க வர்ல. பாதை கேக்க வந்தேன்."

நான் எத்தனையோ சமாதான உடன்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். முழுப் பக்கம், ஏழெட்டு ஷரத்து, கீழே பெரிய பெரிய கையெழுத்து. இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை. கொடுக்க முடியாததை ஒருவர் கேட்கவும் இல்லை, மற்றவர் கொடுத்தது போல நடிக்கவும் இல்லை.

ஸ்டீபனுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா தோழர், கதா பேசிக்கினு கீறீங்க? எங்கப்பன் ரோட்ல கெடக்கிறான். அவரு வேலியப் பிச்சாதான் நான் எட்ப்பேன். அதுவரைக்கும் ஒரு வண்டி போவாது."

"வண்டி போவாது, சரி. வண்டில இன்னா கீதுன்னு பாத்தியா?"

"லாரிதான். இரும்பு, மணலு, கம்பெனி சரக்கு. நிக்கட்டும்."

"பாத்தியா?"

ஸ்டீபன் வாசல் பக்கம் திரும்பினான்.

"நான் ஒரு தபா பாக்காம வுட்டேன். தோ, அந்தக் கை. நீ போய்ப் பாத்துட்டு வா. கடைசி வண்டி வரைக்கும் நடந்து பாரு. பாத்துட்டு வந்து, அப்பவும் நிக்கட்டும்னு சொன்னா நானும் உங்கூட ரோட்ல குந்தறேன்."

ஸ்டீபன் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு இருவரும் பேசியது வெறும் பேரம். வரதன் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேலியைப் பிரிப்பார். வரப்பில் ஒற்றை வரிசையாகத்தான் போக வேண்டும், நாற்று ஒன்றுகூட மிதிபடக் கூடாது, சாமுவேல் முன்னால் நடந்து பொறுப்பேற்க வேண்டும். நிரந்தரப் பாதையைப் பற்றி அப்புறம் பேசலாம். "அப்புறம்னா எப்போ?" என்றார் சாமுவேல். "உன்னப் பாக்கற கோவம் கொஞ்சம் அடங்குனப்புறம்" என்றார் வரதன்.

சாமுவேல் வெளியே போய் ரோட்டில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னார். ஒரு குரல் கத்தியது: "இன்னிக்கு மட்டும்தானா? இதுக்குத்தான் உன்ன உள்ள அனுப்ச்சமா? வெல போய்ட்டான்டா!" இன்னொருவன், "வரதன் நைனா ஊட்ல பிரியாணியா தோழர்?" என்றான். ஒரு செருப்பு பறந்து வந்து சாமுவேலின் தோளில் பட்டு விழுந்தது.

டி.எஸ்.பி.யின் தடி உயர்ந்தது. போலீஸ்காரர்கள் முன்னால் நகர்ந்தார்கள். இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த நேரத்தில் தடி இறங்கினால் செருப்பு எறிந்தவன் வீரன் ஆகிவிடுவான், சாமுவேல் போலீஸின் ஆள் ஆகிவிடுவார், அத்தோடு எல்லாம் முடிந்தது. நான் டி.எஸ்.பி.யின் கையைப் பிடித்தேன். பெண் அதிகாரி போலீஸ் அதிகாரியின் கையைப் பிடிப்பது எந்த விதியிலும் இல்லை. அவரும் திகைத்து நின்றுவிட்டார்.

சாமுவேல் திரும்பி, "வுடுங்க சார். இது எங்க ஊட்டுச் செருப்பு" என்றார். பிறகு அதை எடுத்துத் தூசி தட்டி, "யாருதுப்பா? ரோடு சுடுது, கால் வெந்துடும். வாங்கி மாட்டிக்கோ" என்று நீட்டினார். யாரும் வரவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை.

உங்களில் ஒருவர் போனில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஆயுதம் எடுத்தவர் சமாதானத்துக்கு ஆவாரா என்றால், எதிரியோடு உட்கார்ந்து டீ குடிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது சுலபம், படமும் நன்றாக வரும். சொந்த ஆட்கள் துரோகி என்று சொல்லும்போது அந்த இடத்திலேயே நிற்கிறாரா என்று பாருங்கள். வாழ்நாளில் கல்லே எடுக்காத எத்தனையோ நல்லவர்கள் அந்த இடத்தில் தலைமறைவாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. வடக்குப் பக்கம் கூட்டம் விலகியது. ஸ்டீபன் வந்துகொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், இடுப்பில் குழந்தை, வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவனுடைய அக்கா. சூளூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தது. அப்பா செத்த செய்தி கேட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவள், இரண்டு லாரிகளுக்கு நடுவே, தம்பி மறித்த மறியலில் காலையிலிருந்து சிக்கிக் கிடந்திருக்கிறாள். போன் பேட்டரியும் தீர்ந்துபோயிருக்கிறது.

அவள் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "எங்கப்பன ரோட்ல போட்டு இன்னாடா பண்ணிக்கினு கீறீங்க? எட்த்துக்கினு போங்கடா" என்றாள். அதற்கு மேல் யாரும் கோஷம் போடவில்லை.

சாமுவேல் தெரிந்தேதான் அவனை அனுப்பினார் என்று காலனியில் இன்றும் கதை சொல்வார்கள். நான் அவரிடமே கேட்டேன். "எனுக்கு எப்டிம்மா தெரியும்? பாக்கச் சொன்னேன். யாராவது இருப்பாங்கல்ல" என்றார்.

வரப்பில் சவ ஊர்வலம் போனது. முன்னால் சாமுவேல், பின்னால் ஐஸ் பெட்டியில்லாமல் பாடையில் ஆரோக்கியம், பாதிரியார், ஒற்றை வரிசையாகக் காலனி. வயல் ஓரத்தில் வரதன் நின்று நாற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். காலனிக்காரர்கள் ஒருவர்கூட மிதிக்கவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த டி.எஸ்.பி. மட்டும் வழுக்கிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினார். அவர் மிதித்த நாற்றுகளை வரதன் குனிந்து நிமிர்த்தி வைத்தார். அன்று அமைதிக்கு ஏற்பட்ட ஒரே பங்கம் அதுதான்.

கோபம் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். சில வாரங்களில் சாமுவேலும் வரதனும் என் அலுவலகத்துக்கு ஒன்றாக வந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. அந்த மதில் சுவர் காலனியின் பாதையை மட்டும் இல்லை, வரதனின் வாய்க்காலையும் சேர்த்து விழுங்கியிருந்தது. இத்தனை நாள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்ததில் சுவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து நின்றதும் மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவரவில்லை, வக்கீலைக் கொண்டுவந்தார். நான் பழைய நில வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகு சுவரில் ஒரு வழி திறந்தது. அமைதிப் பூங்கா மட்டும் வரவில்லை. திறப்பு விழாவில் குழு உறுப்பினர்கள் எல்லாரும் ரிப்பன் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சாமுவேல் அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்தார். விழாவுக்கு மந்திரி வந்திருந்தாரே.

அடுத்து வந்த ஊராட்சித் தேர்தலில் காலனி அவரை நிறுத்தியது. வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார். ஒரு கட்சி அவருக்குத் துண்டு போர்த்தி 'அமைதியின் தளபதி' என்று ஃபிளெக்ஸ் அடித்தது. தளபதி என்று இருந்ததைப் பார்த்துவிட்டுப் போலீஸ் வந்து விசாரித்தது. துண்டைக் கடையில் கிரீஸ் துடைக்க வைத்துக்கொண்டு சுயேச்சையாக நின்றார். ஜெயித்தும் விட்டார். "நீங்க அவருக்குப் போட்டீங்களா?" என்று வரதனிடம் ஒரு நாள் கேட்டேன். "அவனுக்கா? சத்தியமா போட்ல" என்றார். பிறகு, "எதிர்ல நின்னவனுக்கும் போட்ல" என்றார்.

தலைவராக அவர் எப்படி என்று கேட்டால், சுமார்தான். பொய் சொல்ல மாட்டேன். டெண்டர் புரியாது. மேலதிகாரி காக்க வைத்தால் தரையில் உட்கார்ந்துவிடுவார். தெருவிளக்குக்கு அலைந்து அலைந்து பாதித் தெருதான் எரிந்தது. 'முன்னாள் தீவிரவாதிக்கு நிர்வாகம் தெரியுமா' என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். முன்பு இருந்த தலைவருக்கு நிர்வாகம் நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் காலத்தில் இரண்டு கோஷ்டிச் சண்டை, ஒரு பஸ் எரிப்பு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, ஒரு கோடையில், காலனியின் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது. தண்ணீர் லாரி ஒழுங்காக வரவில்லை. சாமுவேல் போனில் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அம்மா, ஆபீஸ் வாசல்ல ஸ்டீபன் பசங்களோட வந்து குந்திக்கினு கீறான். காலிக் குடம் வெச்சிக்கினு என்னையத்தான் ஒழிகன்றானுங்க. உள்ள என்ன வெச்சிக் கதவச் சாத்திட்டானுங்க. டி.எஸ்.பி. போன் பண்ணாரு. நல்லாக் கேக்கறாரும்மா, மரியாதயா. 'ஆள் அனுப்பட்டுங்களா தலைவரே'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"



"அனுப்புங்கன்னு வாய் வரிக்கும் வந்திடுச்சிம்மா. ஒரே ஒரு வார்த்த. சொன்னா வந்து தூக்கிக்கினு போய்டுவாங்க, எனுக்குப் பேஜாரு இல்ல. நாக்கு நுனில கீது அந்த வார்த்த. துப்பாக்கி புடிச்சப்பகூட எனுக்கு இப்டி ஒரு சொகம் வந்ததில்லம்மா. பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"ஜன்னல் வழியா எறங்கிச் சுத்திக்கினு போயி அவனுங்க கூடவே குந்திட்டேன். தண்ணி வர்லன்றது நெசம்தானே."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் புரியாம கொஞ்ச நேரம் பாத்தானுங்க. அப்புறம் ஸ்டீபன் விடாம, 'தலைவர் சாமுவேல்'னு கத்தனான்."

"சரி?"

"பழக்க தோசம்மா" என்றார் சாமுவேல். "ஒழிகன்னு மொதல்ல கத்தனது நான்தான்."